குளிர்காலத்திற்கு மண்: ஒரு தோட்டத் தொடரின் இருவேறு வரலாறுகள்

முன்னுரை

'குளிர்காலத்திற்குத் தோட்ட மண்ணைப் பண்படுத்துதல்' என்னும் தொடரில் அருஞ்சொல் எதுவும் இல்லை. இதன் இலக்கண அமைப்பும் எளியது. ஆயினும், இதனைத் தம் மொழியில் வழங்கும் இங்கிலாந்துத் தோட்டக்காரரும் கங்கைச் சமவெளியின் காய்கறி விவசாயியும் ஏறத்தாழ எதிரெதிரான இரு தொழில்களைக் குறிக்கின்றனர். முன்னவர் அறுவடை முடிந்த நிலத்தை நீண்ட ஓய்வுக்கு அனுப்புகிறார். பின்னவர் ஆண்டின் மிகச் சிறந்த காய்கறிப் பருவத்தைத் தொடங்கி வைக்கிறார். முன்னவர் மண்கட்டிகளை உடைக்காமல் விடுகிறார். பின்னவர் அவற்றை உடனே உடைத்துச் சமப்படுத்துகிறார்.

இந்த வேறுபாடு அகராதியில் பதிவாவதில்லை. அதனால் தோட்டக்கலை, வேளாண்மை நூல்களை மொழிபெயர்ப்போர் சொல்லைச் சரியாகப் பெயர்த்தும் செயலைத் தவறாகப் பெயர்க்க நேர்கிறது. கதையில் நேரும் பிழை வாசகரின் சுவையைக் கெடுப்பதோடு நின்றுவிடும். வேளாண் கையேட்டில் நேரும் பிழை ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்து வருவாயைக் கெடுக்கும். இத்தொடரின் இருவேறு வரலாறுகளையும் அவை இந்தியாவில் சந்தித்த இடங்களையும் விளக்கி, அவற்றிலிருந்து மொழிபெயர்ப்புக்குப் பெறப்படும் நெறிகளைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடரும் வேற்றுமையும்

சிக்கலின் வேர் 'குளிர்காலம்' என்னும் பெயரில் மட்டும் இல்லை. அதன்மேல் நிற்கும் நான்காம் வேற்றுமை உருபிலும் உள்ளது. நன்னூலார் 'கு' உருபுக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை முதலிய பொருள்களைக் கூறுவார். 'மழைக்குக் குடை எடுத்தான்' என்னுமிடத்து மழை தடுக்கப்பட வேண்டியது. 'மழைக்கு நிலத்தை உழுதான்' என்னுமிடத்து மழை எதிர்பார்த்து ஏற்கப்படுவது. உருபு ஒன்றே, மழையின்பால் பேசுவோர் கொண்ட உறவு வேறு.

'குளிர்காலத்திற்கு மண்' என்பதும் இத்தகையதே. ஆங்கில வழக்கில் அது பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தது. குளிரும் மழையும் மண்ணுக்குச் செய்யும் தீங்கைத் தடுப்பதும், அவற்றால் வரும் நன்மையை வசந்தத்திற்குச் சேர்த்து வைப்பதும் அங்கு நோக்கம். வட இந்தியச் சமவெளி வழக்கில் அது இரண்டாம் வகை. அங்குக் குளிர்காலமே பயிர்க்காலம்; மண் அதனை ஏற்க ஆயத்தமாகிறது. இவ்விரு பொருள்களும் எவ்வாறு தோன்றின என்பதை அறிய அவ்வந்நாட்டு மண்ணையும் வானிலையையும் நோக்க வேண்டும்.

2. இங்கிலாந்துத் தோட்டத்தின் குளிர்காலம்

ஜான் ஈவ்லின் 1664இல் வெளியிட்ட 'கலண்டேரியம் ஹார்ட்டென்சே' என்னும் தோட்ட நாட்காட்டி, திங்கள்தோறும் செய்யவேண்டிய தோட்டப் பணிகளைத் தொகுத்துரைக்கும் நூலாகும். அதில் நவம்பர் மாதப் பணிகளுள் ஒன்று, மட்கிய எருவை மண்ணோடு கலந்து வசந்தத்திற்கென வரப்புகளாகக் குவித்து வைப்பதாகும். நவம்பரில் செய்யும் வேலையின் பயன் நவம்பரில் இல்லை, வசந்தத்தில் உள்ளது என்பது கருதத்தக்கது. ஈவ்லின் பின்னர் மண்ணைப் பற்றியே தனி உரை ஒன்றை இராயல் சொசைட்டியில் நிகழ்த்தினார்; அது 1676இல் நூலாயிற்று.

இந்நெறிக்கு அடிப்படை உறைபனியின் செயல். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. களிமண் நிலத்தை இலையுதிர்காலத்தில் மண்வாரியால் கொத்திப் பெருங்கட்டிகளாக விட்டுவிட்டால், கட்டிகளுக்குள் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் அவற்றைப் பிளக்கிறது. மார்ச்சு மாதத்தில் கைப்பரம்பால் இழுத்த அளவிலேயே அவை பொலபொலவென உதிர்கின்றன. மனிதர் செய்யவேண்டிய வேலையைக் குளிர் செய்துவிடுகிறது. எனவே கட்டிகளை உடைக்காமல் விடுவது அங்குச் சோம்பல் அன்று, தொழில்நுட்பம்.

மணற்பாங்கான நிலத்திற்கு இவ்விதி பொருந்தாது. குளிர்கால மழை அம்மண்ணிலுள்ள நைட்ரேட்டைக் கரைத்துக் கீழே கொண்டு சென்றுவிடும். ஆதலின் அந்நிலத்தை வசந்தம் வரை கொத்தாமல் விடுவர். அல்லது ரை, வெட்ச் போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து மண்ணை மூடி வைப்பர். நீர்மம் மிகுந்த சாணஎருவையும் சுண்ணாம்பையும் ஒருங்கே இடுவதில்லை. இட்டால் எருவின் நைட்ரஜன் அம்மோனியாவாக ஆவியாகிவிடும். 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கொத்துதலே தேவையா என்னும் வினாவும் எழுந்தது. எட்வர்டு ஃபாக்னர் அமெரிக்காவில் 1943இல் உழுகலப்பையின் தேவையை மறுத்து எழுதினார்; எஃப். சி. கிங் இங்கிலாந்தில் 1946இல் கொத்துதலின் தேவையை வினவி ஒரு நூல் வெளியிட்டார். இவர்கள் வழிவந்தோர் மண்ணைப் புரட்டாமல் அதன்மேல் மட்குரத்தைப் பரப்பி மூடுவதையே குளிர்காலப் பணியாகக் கொண்டனர். முறை மாறினும் நோக்கம் மாறவில்லை. மண் உறங்கச் செல்கிறது. உறக்கத்தில் அது கெடாமல் இருக்க வேண்டும். தோட்டத்தைப் படுக்க வைப்பதாகப் பேசும் ஆங்கில மரபுவழக்கு இந்நோக்கத்திலிருந்து பிறந்ததே.

3. கங்கைச் சமவெளியின் குளிர்காலம்

வட இந்தியாவில் பயிர்ப்பருவங்களைக் குறிக்கும் 'கரீப்', 'ரபி' என்னும் சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. அரபியில் முன்னது இலையுதிர்காலத்தையும் பின்னது வசந்தத்தையும் குறிக்கும். இந்திய வேளாண் வழக்கில் இவை அறுவடையை நோக்கி அமைந்த பெயர்கள். ரபிப் பயிர் வசந்தத்தில் அறுவடையாகிறது. ஆனால் அதற்குரிய நிலம் மழை ஒழிந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் பண்படுகிறது. பெயர் வசந்தத்தைச் சுட்ட, வேலை குளிர்காலத்தின் வாயிலில் நடைபெறுகிறது. 'ரபி'யை 'வசந்தப் பயிர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் விதைப்பை வசந்தத்தில் வைத்துவிடும் இடர் இங்கே உண்டு.

இப்பகுதியில் மண்ணின் முதன்மைத் தேவை ஈரம். பருவமழை விட்டுச்சென்ற ஈரத்தைக் கொண்டே குளிர்காலப் பயிரின் தொடக்கம் அமைகிறது. ஆகவே உழுத உடனே 'பாட்டா' எனப்படும் பரம்புப் பலகையை ஓட்டிக் கட்டிகளை உடைத்து மேற்பரப்பை மூடிவிடுவர். ஈரம் போதாத நிலத்திற்கு விதைப்புக்கு முன் 'பலேவா' எனப்படும் நீர்ப்பாய்ச்சல் உண்டு. பூக்கோசு, முட்டைக்கோசு போன்ற பயிர்களுக்கு எக்டேருக்கு ஏறத்தாழ 20 டன் நன்கு மட்கிய தொழுவுரத்தை நடவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணில் கலப்பது பொதுவான பரிந்துரை. மட்காத சாணத்தை இட்டால் கரையான் வரும். அதன்பின் 'க்யாரி' எனப்படும் பாத்திகள் கட்டப்படுகின்றன.

ஆங்கிலக் கையேடு கூறுவதுபோல இங்கு அக்டோபரில் பெருங்கட்டிகளை உடைக்காமல் விட்டால் என்ன நேரும் என்பது வெளிப்படை. அவற்றைப் பிளக்க உறைபனி வருவதில்லை. வெயிலும் வறண்ட காற்றும் கட்டிகளின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நாற்று நடும் நாளில் மண் கல்லாகிக் கிடக்கும். சமவெளியில் உறைபனி அறவே இல்லை எனல் ஆகாது. இந்தியில் அதற்குப் 'பாலா' என்று பெயர். 'பிராலேயம்' என்னும் வடசொல்லின் திரிபு அது. ஆனால் பாலா மண்ணுக்கு உதவும் நண்பன் அன்று. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக்கும் பகை. அது வரக்கூடிய இரவில் மாலையிலேயே மெல்லிய நீர் பாய்ச்சிப் பயிரைக் காப்பர். ஒரே இயற்கை நிகழ்ச்சி ஒரு நாட்டில் உழவனின் கையாளாகவும் மற்றொரு நாட்டில் அவன் எதிரியாகவும் நிற்கிறது.

மண்ணை ஆறவிடும் வழக்கமும் இங்கு உண்டு. அதன் காலம் வேறு. மழைக்காலம் நான்கு திங்களும் பயிரிடாமல் பலமுறை உழுது குளிர்காலப் பயிருக்கு ஆயத்தமாக்கும் நிலத்தைச் 'சௌமாஸ்' என்பர். இது சொல்லாய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய சொல். ஆங்கிலத்தில் 'ஃபாலோ' என்பது இன்று பயிரிடாத நிலத்தைக் குறிப்பினும், பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் உழுத நிலத்தைக் குறித்தது. உழுதும் விதைக்காமல் விடுதலே அதன் உட்பொருள். இதனைத் தமிழில் 'தரிசு' எனப் பெயர்க்கும்போது உழுதல் என்னும் பாதிப்பொருள் மறைகிறது. 'உழுது ஆறப்போட்ட நிலம்' என்பதே பொருந்தும்.

எருவைப் பற்றிய பழைய நெறியையும் இங்குச் சுட்டலாம். 'கிருஷி பராசரம்' என்னும் வடமொழி வேளாண் நூல், மாக மாதத்தில் எருக்குவியலைக் கிளறி எடுத்து வெயிலில் உலர்த்திப் பொடியாக்கவும், பங்குனியில் வயலில் குழிகளில் இடவும் கூறுகிறது. இதுவும் குளிர்காலப் பணியே. ஆனால் இதில் வேலை செய்யும் ஆற்றல் பனி அன்று, வெயில். திருவள்ளுவரும் உழவு அதிகாரத்தில் ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உலர்ந்த மண்ணுக்கு எருவும் வேண்டா என்னும் கருத்தை வைக்கிறார். இங்கிலாந்தில் உறைபனிக்கு உரிய இடம் இந்திய உழவு நூல்களில் வெயிலுக்கு உரியது.

4. கல்கத்தாவில் நேர்ந்த சந்திப்பு

இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்த இடம் 19ஆம் நூற்றாண்டு வங்காளம். அச்சந்திப்பில் முன்னின்றவர் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பது மொழியியலார்க்கு ஆர்வமூட்டும் செய்தி. 1793இல் வங்காளம் வந்த வில்லியம் கேரி, 1801இல் வங்காளப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டவர். கோட்டை வில்லியம் கல்லூரியில் வங்காளமும் வடமொழியும் கற்பித்தவர். வங்காள-ஆங்கில அகராதி தொகுத்தவர். அவரே செராம்பூரில் பெருந்தோட்டம் ஒன்றையும் பேணினார். 1820இல் கல்கத்தாவில் வேளாண்-தோட்டக்கலைக் கழகத்தை நிறுவினார். 1801இல் அவர் வெளியிட்ட 'கதோபகதன்' என்னும் உரையாடல் நூலில் கூலியாட்கள், மீனவர் முதலியோரின் பேச்சு இடம்பெற்றது. தொழில் செய்வோரின் சொல்லைக் கேட்டறிதலும் மண்ணை அறிதலும் அவரிடம் இணைந்திருந்தன.

1864இல் தாமஸ் ஃபர்மிங்கர் என்னும் பாதிரியார் வங்காளத்திற்கும் மேல் இந்தியாவிற்கும் உரிய தோட்டக்கலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். நூலின் பெயரிலேயே நிலப்பகுதி குறிக்கப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் நாட்காட்டி இங்குச் செல்லாது என்னும் உணர்வு அப்பெயரில் உள்ளது. இங்கிலாந்தில் கோடையில் விளைந்த காய்கறிகளுக்கு வங்காளச் சமவெளியில் உரிய பருவம் மழைக்குப் பின்வரும் குளிர்காலமே. வெளிநாட்டிலிருந்து விதையைக் கொண்டுவரலாம். நாட்காட்டியைக் கொண்டுவர இயலாது.

இதற்குப் பூக்கோசு சிறந்த சான்று. ஐரோப்பாவிலிருந்து வந்த இப்பயிர், இந்தியச் சமவெளியில் வெப்பத்தைத் தாங்கும் புதிய வகைகளாக மாறியது. அவ்வகைகளுக்கு உழவர் இட்ட பெயர்கள் குவாரி, கார்த்திகி, அகனி, பூசி, மாகி என்பன. இவை அவ்வகை முதிரும் இந்துத் திங்களின் பெயரால் அமைந்தவை. வேளாண் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 'பூசா கட்கி' என்னும் வகைப்பெயரிலும் கார்த்திகைத் திங்கள் மறைந்திருக்கிறது. பயிர் வெளியிலிருந்து வந்தாலும் காலத்தைக் குறிக்கும் சொல் உள்ளூரிலிருந்தே எழுந்தது. விதைப்பது எப்போது, மண்ணை ஆயத்தம் செய்வது எப்போது என்பன அப்பெயரிலேயே அடங்கின. ஜார்ஜ் கிரியர்சன் 1885இல் வெளியிட்ட 'பீகார்க் குடியானவர் வாழ்க்கை' என்னும் நூல் உழவு, எரு, மண்வகை பற்றிய இத்தகைய சொற்களை ஊர்வாரியாகத் தொகுத்தது. வேளாண் மொழிபெயர்ப்பாளர்க்கு அது இன்றும் ஒரு முன்மாதிரி.

இந்தியக் குளிர்காலம் எங்கும் ஒன்றே எனவும் கொள்ளலாகாது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21 தொடங்கும் 40 நாள் கடுங்குளிர் 'சில்லை கலான்' எனப்படும். அதற்குமுன் வரும் 'ஹருத்' பருவத்தில் மண்ணை ஆயத்தம் செய்வது ஆங்கில வழக்கிற்கு அண்மையது. 'ஹருத்' என்பது சரத் என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஆக, ஒரு நாட்டுக்குள்ளேயே இத்தொடருக்கு இருபொருளும் உண்டு.

5. இந்தூரிலிருந்து திரும்பிய சொல்

சந்திப்பு ஒருவழிப் பயணமாக அமையவில்லை. ஆல்பர்ட் ஹோவார்டு 1905 முதல் 1924 வரை பீகாரின் பூசாவிலும், பின்னர் 1931 வரை இந்தூரிலும் பணியாற்றிய பயிரியலறிஞர். இந்திய உழவரின் நடைமுறையையும், எஃப். எச். கிங் 1911இல் விரித்துரைத்த சீன உழவரின் நடைமுறையையும் கருத்திற்கொண்டு, பயிர்க்கழிவு, சாணம், மூத்திர மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி மட்கச் செய்யும் முறையை இந்தூரில் வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து எழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. 'இந்தூர் முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்துத் தோட்டங்களுக்குச் சென்றது.

'கம்போஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனில் 'ஒன்றாக வைத்தது' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. இந்தூரின் அடுக்குமுறை அந்த மூலப்பொருளுக்கு முற்றும் பொருந்துகிறது. இந்தூரில் அக்குவியல் ஏறத்தாழ 3 மாதங்களில் ஆயத்தமாகும். அதே குவியலை அக்டோபரில் இங்கிலாந்தில் அடுக்கினால் குளிரில் நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்து வசந்தம் கடந்தும் நீளக்கூடும். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்குமாதலால் இந்தூரிலேயே குவியலைத் தரைக்குமேல் அமைக்க வேண்டியிருந்தது. எண்ணும்கூட வானிலைக்குக் கட்டுப்பட்டது என்பதை இது காட்டும். மொழிபெயர்ப்பாளர் சொல்லை ஐயுறுவதுபோல் எண்ணையும் ஐயுற வேண்டும்.

'மெனியூர்' என்னும் சொல்லின் வரலாறும் இங்குப் பயன்தரும். 'கையால் உழைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல், முதலில் நிலத்தைத் திருத்துதலைக் குறித்து, பின்னர்த் திருத்தப் பயன்படும் எருவைக் குறித்தது. தமிழில் 'உரம்' இதனை ஒத்த நெடும்பயணம் செய்துள்ளது. வலிமை, திண்மை என்னும் பொருளுடைய சொல், மண்ணுக்கு வலிமை தரும் பொருளுக்கு ஆகி வந்தது. 1906இல் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையும் 1951இல் சிந்திரியில் அரசின் பேராலையும் உற்பத்தி தொடங்கியபின், 'உரம்' என்றாலே மூட்டையில் வருவது என்னும் பொருள் வலுப்பெற்றது. வள்ளுவர் ஆண்ட 'எரு' என்னும் சொல் தொழுவத்தோடு நின்றது. எனவே 'குளிர்காலத்திற்குமுன் மண்ணில் உரமிடுக' என்று பொதுப்படப் பெயர்த்தால், தொழுவுரத்தைக் கருதிய மூலத்தை வாசகர் யூரியா எனக் கொள்ள இடமுண்டு. இங்கிலாந்தின் குளிர்கால மழைக்குமுன் யூரியா இடுவது நைட்ரஜனை வடிகாலில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

6. தமிழில் பெயர்ப்போர்க்கு

'வின்டர்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நிலைத்த ஒரே நிகர் இல்லை. தமிழ் விவிலியத்தில் அது 'மாரிகாலம்' எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. பலத்தீனத்தில் குளிர்காலமே மழைக்காலமாதலின் அது பொருத்தமான ஆட்சி. அதே சொல்லை உத்தரப்பிரதேசத் தோட்டத்திற்கு ஆண்டால் அது சௌமாஸ் காலத்தைக் குறித்துவிடும். 'பனிக்காலம்' எனின் தமிழில் பனி என்பது பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி அனைத்தையும் தழுவும். மண்கட்டியைப் பிளப்பது உறைபனி ஒன்றே. ஆதலின் செயலைச் சுட்டுமிடத்தில் 'உறைபனி' என்றே வரையறுத்தல் வேண்டும்.

தொடரைப் பொறுத்தவரை, ஆங்கிலப் பொருளுக்குக் 'குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்திற்கு உதவும்படி மண்ணை ஆயத்தம் செய்தல்' என்றும், சமவெளிப் பொருளுக்குக் 'குளிர்காலப் பயிருக்கு மண்ணைப் பண்படுத்துதல்' என்றும் விரித்துரைப்பது தகும். முன்னதில் 'கட்டிகளை உடைக்காமல் விடுக' என்னும் அறிவுரை வந்தால் அது களிமண்ணுக்கும் உறைபனி நிலத்துக்கும் உரியது என்னும் நிபந்தனையை உடன் சேர்க்க வேண்டும். 'மல்ச்' என்பதற்கு 'மூடாக்கு' என்னும் வழக்குச்சொல் உள்ளது. அது இங்கிலாந்தில் மழை மண்ணை அரிப்பதையும் சமவெளியில் வெயில் ஈரத்தை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. சொல் இரண்டிடத்தும் பொருந்தினும் காரணத்தை மாற்றி எழுதினால் வாசகர் அதனைத் தவறான நாளில் இடுவார்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பெறப்படுவது இது. பருவச்சொற்கள் வானத்தை மட்டும் குறிப்பன அல்ல. மண்ணோடு மனிதர் செய்துகொண்ட உடன்பாட்டையும் குறிப்பன. உறைபனியை வேலையாளாகக் கொண்ட நாட்டில் 'குளிர்காலத்திற்கு' என்பது காத்திருத்தல். மழையின் எஞ்சிய ஈரத்தை மூலதனமாகக் கொண்ட நாட்டில் அது விரைந்து தொடங்குதல். கேரி போன்றோர் மொழியையும் தோட்டத்தையும் ஒருங்கே கற்றமையும், பூக்கோசுக்கு உழவர் தம் திங்கட்பெயரை இட்டமையும் இவ்வேறுபாட்டை உணர்ந்ததன் அடையாளங்கள்.

வேளாண் நூலைப் பெயர்ப்பவர் அகராதியைத் திறக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நன்று. அந்த நிலத்தில் குளிர்காலத்தில் பயிர் நிற்கிறதா? அங்கு மண்கட்டியை உடைப்பது எது, பனியா, வெயிலா, பரம்பா? மூலத்தில் கூறப்பட்ட எரு தொழுவத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் சொல் தானே அமையும். விடை கிடைக்காத நிலையில் எவ்வளவு தூய தமிழில் பெயர்த்தாலும், அக்டோபர் மாதத்து உழவர் ஒருவர் அதனை நம்பித் தம் மண்ணைக் காயவிடக் கூடும்.